தவறு கணக்குப் பிரிவில், பிடித்தம் தாயின் சம்பளத்தில்

பேறுகால விடுப்பு என்றாலே நம் அலுவலகங்களில் எழும் பேச்சு, விடுப்பு கொடுப்பார்களா, சம்பளம் போடுவார்களா என்பதுதான். அதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்று உண்டு. அது அதிகம் வெளியே வருவதில்லை. சம்பளத்தைப் போட்டுவிடுவார்கள், உரியதற்கு மேலேயே. ஐந்தாறு மாதம் கழித்து, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று அந்தப் பெண் தவித்துக்கொண்டிருக்கும் வாரத்தில், மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வரும். விடுப்புக் காலத்தில் உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் கூடுதலாக வரவு வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும் என்று இரண்டே வரி. தவறு யாருடையது என்பது அந்த இரண்டு வரியில் பெரும்பாலும் இருக்காது.

உரியதல்லாத பணத்தைத் திருப்பித் தரவேண்டியதுதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆவது பிரிவில் அதைத் தெளிவாகவே சொல்கிறது: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் வாதமில்லை. ஆனால் எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது, எந்தத் தொகையிலிருந்து என்ற மூன்றையும் தவறு செய்த தரப்பே தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. பேறுகாலத்தில் அந்தத் தனி முடிவு மற்ற நேரங்களைவிடப் பல மடங்கு வலிக்கும்.

முதலில், கூடுதல் எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். விடுப்பை ஒப்புக்கொள்வது மேலாளர், பதிவது மனிதவளப் பிரிவு, பணம் போடுவது கணக்குப் பிரிவு. பெரிய நிறுவனமென்றால் கணக்குப் பிரிவே வேறொரு ஊரில், வேறொரு கம்பெனியின் கையில் இருக்கும். பேரோல் மாதத்தின் 20 அல்லது 25-ஆம் தேதியோடு மூடப்படும். பிரசவமோ மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதிக்குக் காத்திருப்பதில்லை. சட்டப்படியான 26 வாரம் முடிந்தபின் இன்னும் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு எழுதியிருப்பார்; மேலாளர் 'சரிம்மா' என்று பதில் போட்டிருப்பார்; அந்தப் பதில் கணக்குப் பிரிவுக்குப் போயிருக்காது. அவர்கள் திரையில் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டார். சம்பளம் முழுதாக ஏறும்.

இஎஸ்ஐ வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இது வேறு விதமாக நடக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், இஎஸ்ஐ பொருந்தும் இடங்களில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகாலப் பணத்தைத் தருவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம். முதலாளி தனியாகத் தரவேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டில் அவரை நீக்க மறந்தால் இரண்டு பக்கமிருந்தும் பணம் வரும். திருப்பூரிலோ அம்பத்தூரிலோ சின்னப் பட்டறையில் ஒரே குமாஸ்தா வருகை, பிஎஃப், இஎஸ்ஐ மூன்றையும் பார்க்கும் இடங்களில் இப்படி ஒரு குழப்பம் நேர்வதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அரசு அலுவலகங்களின் கதை தனி. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமானது, 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஓராண்டு. விதி மாறும் ஒவ்வொரு முறையும் யாருக்குப் பழைய கணக்கு, யாருக்குப் புதிய கணக்கு என்ற கேள்வி சம்பளம் பெற்று வழங்கும் அலுவலரின் மேசைக்கு வரும். அவர் தாராளமாகப் படித்திருந்தால் நாலு வருடம் கழித்துத் தணிக்கையில் ஆட்சேபணை எழும். அதற்குள் குழந்தை எல்கேஜிக்குப் போய்விட்டிருக்கும்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் உள் சிக்கல் தெரியும். மாதம் 40,000 ரூபாய் சம்பளம், அதில் பிஎஃப் பிடித்தத்துக்கான அடிப்படை 20,000 என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு 2025 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. 26 வாரம் என்பது 182 நாள். ஆகவே முடிவது ஜூன் 30-இல் அல்ல, ஜூலை 1-இல். பிறகு ஆகஸ்ட் 31 வரை சம்பளமில்லா விடுப்பு. கணக்குப் பிரிவு கவனிக்காமல் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்கும் சம்பளம் போட்டுவிட்டது. செப்டம்பரில் கடிதம் வருகிறது: 80,000 ரூபாய் கட்டுங்கள்.

அந்தத் தொகையே தப்பு. ஜூலை 1 அவருக்குச் சட்டப்படி உரிய நாள். 40,000-ஐ 31-ஆல் வகுத்தால் 1,290 ரூபாய். அது கழிய வேண்டும். அடுத்து, மாதம் 12 சதவீதம் என்று 2,400 ரூபாய் பிஎஃப்புக்குப் பிடித்தது போகத்தான் அவர் கையில் பணம் வந்தது. இரண்டு மாதத்தில் 4,800 ரூபாய் அவர் கண்ணில் படாமலே வைப்பு நிதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் நினைத்தபோது எடுத்துத் தர முடியாத பணம் அது. கையில் கிடைத்தது ஒரு தொகை, கேட்கப்படுவது அதைவிடப் பெரிய தொகை. வருமான வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலும். திருத்தம் அதே நிதியாண்டுக்குள் நடந்தால் வரியையும் சேர்த்துச் சரிக்கட்டிவிடலாம். மார்ச் 31 தாண்டிவிட்டால், தன்னிடம் தங்காத சம்பளம் படிவம் 16-இல் வருமானமாக ஏறி நிற்கும்.

எண்பதாயிரம் கேட்கும் கடிதத்தைப் பார்த்ததும் பதறி 'கட்டிவிடுகிறேன் சார்' என்று எழுதிவிடும் பெண்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. போடச் சொல்லித் தருபவரும் இல்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி, அது உண்மையிலேயே கூடுதல்தானா என்பது. டெல்லியில் அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 2017 ஜூன் 1 முதல் அவர் பேறுகால விடுப்புக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11-ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே பதினொரு நாளுக்குத்தான் பணம் என்றது நிர்வாகம். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது: பேறுகாலப் பணம் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழு 26 வாரத்துக்கும் உரியது. யாராவது ஒரு குமாஸ்தா அந்த மருத்துவருக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே போட்டிருந்தால், நிர்வாகத்தின் பேரேட்டில் 171 நாள் சம்பளம் 'தவறுதலாகக் கொடுக்கப்பட்டது' என்று ஏறியிருக்கும். சட்டப்படி அது சரியாகக் கொடுக்கப்பட்டது.

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நடந்ததும் இதே ரகம்தான். முதல் திருமணத்தில், வேலைக்குச் சேரும் முன்பே பிறந்த இரண்டு குழந்தைகளைக் காட்டி, மறுமணத்துக்குப் பின் அவர் கேட்ட மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரு பக்கம், டிவிஷன் பெஞ்ச் மறுபக்கம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆசிரியைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மூன்று நிலைகளில் நீதிபதிகளே வெவ்வேறாகப் படித்த ஒரு விதியை, சம்பளப் பிரிவு ஒரு மின்னஞ்சலில் முடித்துவைக்கிறது என்றால் அதைக் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை.

சம்பளத்தின் எந்தப் பகுதி பேறுகாலப் பணத்தில் சேரும் என்பதிலும் இந்தக் குழப்பம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடச் சொன்னது. ஊக்கத்தொகையை உள்ளே சேர்த்தது, ஓவர்டைமை வெளியே நிறுத்தியது. 'விடுப்பில் இருந்தவருக்கு இன்சென்டிவ் எதற்கு' என்று அந்தப் பகுதியைத் திருப்பிக் கேட்ட கணக்காளர், பொதுப்புத்தியில் சரி, சட்டத்தில் தப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 'சம்பளம்' என்பதன் வரையறையே மாறியிருக்கிறது. அடுத்த சில வருடங்களுக்கு இந்த வகைத் தவறுகள் கூடுமே தவிரக் குறையப் போவதில்லை.

சரி, உண்மையிலேயே கூடுதல்தான் என்றால்? அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் நாற்பது வருடத்துக்கும் மேலான தவறுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறது. ஷ்யாம் பாபு வர்மா வழக்கில் மருந்தாளுநர்களுக்கு 1973 முதல் தவறான சம்பள விகிதம் கொடுக்கப்பட்டு வந்தது. 1984-இல் அதைக் குறைத்தார்கள். தவறு ஊழியர்களுடையது அல்ல, பழைய பணத்தைப் பிடிக்காதீர்கள் என்று 1994-இல் தீர்ப்பு வந்தது. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் காற்று மாறியது. அது மக்களின் வரிப்பணம், பெற்றவரிடம் தவறில்லை என்பதாலேயே விட்டுவிட முடியாது என்றது நீதிமன்றம். இந்த இரண்டு நிலைப்பாட்டுக்கும் நடுவழியாக 2014 டிசம்பரில் வந்ததுதான் ரஃபீக் மசீஹ் தீர்ப்பு. இன்றைக்கும் ஊழியர் சங்கத்தினர் பையில் வைத்துக்கொண்டு அலையும் தீர்ப்பு அது.

அதில் ஐந்து சூழல்களில் பிடித்தம் கூடாது என்று சொல்லப்பட்டது. கடைநிலை, மூன்றாம் நிலை ஊழியர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் கூடாது. ஐந்து ஆண்டுக்கும் மேலாகக் கொடுத்து வந்ததைப் பிடிக்கக் கூடாது. மேல்பதவி வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு கொடுத்த சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ஐந்தாவதுதான் இங்கே நமக்கு வேண்டியது: முதலாளியின் உரிமையை எடைபோட்டால், பிடித்தத்தால் ஊழியருக்கு நேரும் கொடுமை அதைவிட அதிகம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றும் எந்தச் சூழலிலும் கூடாது. பச்சிளம் குழந்தையோடு, பாதிச் சம்பளத்தில் ஒரு மாதத்தை ஓட்டச் சொல்வது இந்த ஐந்தாவது வகைக்குள் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

ஆனால் இந்தக் குடையில் ஒரு ஓட்டை. 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், 'கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பித் தருகிறேன்' என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு ரஃபீக் மசீஹ் உதவாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும்கூட இரண்டு வருடத் தவணையில்தான் வசூலிக்கச் சொன்னார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று தனியார் நிறுவனங்கள் வேலைக்குச் சேரும் நாளில் நீட்டும் இருபது பக்கக் காகிதக் கட்டில் இப்படி ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். யார் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

தனியார் துறையில் அந்தக் குடையும் கிடையாது என்பதுதான் பெரிய குறை. ரஃபீக் மசீஹ் பேசுவது அரசு என்ற முதலாளியைப் பற்றி, அரசியலமைப்பின் சமத்துவ உரிமையை வைத்து. ஐடி கம்பெனியில், தனியார் பள்ளியில், நகைக்கடையில் வேலை செய்பவருக்கு அதைக் காட்டி ரிட் மனு போட முடியாது. அவருக்கு மிஞ்சுவது சம்பளப் பட்டுவாடா குறித்த சட்டம். 1936 சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019 ஊதியத் தொகுப்பும் சரி, கூடுதலாகப் போன சம்பளத்தைச் சரிக்கட்டப் பிடித்தம் செய்யலாம் என்கின்றன. ஒரே ஒரு கடிவாளம் உண்டு: ஒரு சம்பளக் காலத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு மட்டுமே இருந்தது. புதிய தொகுப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டது. அது நல்ல மாற்றம். ஆனால் 40,000 வாங்குபவரிடம் 20,000 பிடித்தாலும் சட்டம் திருப்தியடைந்துவிடும் என்றால் வாடகை, பால், தடுப்பூசி, வீட்டுக்கடன் தவணை எல்லாம் அந்த மிச்சப் பாதிக்குள்தான் அடங்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்திருக்கிறார்கள், நடத்துபவர்கள் மறந்துவிட்டார்கள். பேறுகாலப் பணம் என்பது செய்த வேலைக்கான கூலி அல்ல, பிரசவத்துக்காகச் சட்டம் ஒதுக்கிய பணம். 1961 சட்டம் அதை எப்படிக் கொடுக்கச் சொன்னது தெரியுமா? பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாக. மீதியை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். மொத்தமாகக் கையில் இருக்க வேண்டிய பணம் அது. நம் நிறுவனங்கள் வசதிக்காக அதை மாதச் சம்பளம்போல் பிரித்துப் பிரித்துப் போடுகின்றன. அப்படிப் பிரித்துப் போட்டதாலேயே, முந்தைய வருடம் தவறாகக் கொடுத்த இன்க்ரிமென்ட்டை விடுப்பின் நாலாம் மாதத்தில் பிடித்துக்கொள்ளும் துணிவும் வருகிறது. மொத்தமாக 48 மணி நேரத்தில் கொடுத்திருந்தால் பிடிக்க எதுவும் கையில் இருந்திருக்காது.

புதிய தொகுப்புகளுக்கு முந்தைய இஎஸ்ஐ சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் கறாராக இருந்தது. அதன் 60-ஆவது பிரிவின்படி, கழகம் தரும் ரொக்கப் பலனை நீதிமன்றமே டிக்ரி போட்டாலும் ஜப்தி செய்ய முடியாதிருந்தது. உரிமையில்லாமல் பெற்றதைக் கழகமே திருப்பிக் கேட்க 70-ஆவது பிரிவு இருந்தது, அது வேறு. ஆக, 20,000 ரூபாய் சம்பளக்காரரின் பேறுகாலப் பணத்தை வட்டிக்கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் தொட முடியாது என்றது சட்டம். 30,000 ரூபாய் சம்பளக்காரரின் பேறுகாலப் பணத்தில் கம்பெனியின் கணக்காளர் ஒரு பொத்தானைத் தட்டிக் கை வைத்துவிடுகிறார். இந்த முரணுக்கு எந்த நியாயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கூடுதல் சம்பளமும் பேறுகால விடுப்பும் சேர்ந்து ஒரு நாட்டையே கலக்கிய கதை கனடாவில் நடந்தது. மத்திய அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 2,90,000 பேரின் சம்பளத்தை ஒரே கணினி முறைக்குள் கொண்டுவர 'ஃபீனிக்ஸ்' என்ற மென்பொருளை 2016 பிப்ரவரி 24-இல் இயக்கினார்கள். ஐபிஎம் உருவாக்கிக் கொடுத்தது. துறைதோறும் சம்பளம் பார்த்துவந்த ஏறக்குறைய 1,200 பேரின் பதவிகளை ஒழித்து, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சின்ன ஊரில் ஒரே மையத்தில் வேலையைக் குவித்தார்கள். வருடம் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சம்பளம் கூடியோ குறைந்தோ வராமலோ போனது. 2018-இல் தலைமைத் தணிக்கையாளர் இதைத் திட்ட நிர்வாகத்திலும் மேற்பார்வையிலும் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

அடி அதிகம் விழுந்தவர்களில் பேறுகால விடுப்பில் போனவர்கள் உண்டு. கனடாவின் மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புக் காலப் பணம் இரண்டு இடத்திலிருந்து வரும்: வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து ஒரு பகுதி, அதைச் சம்பளத்தின் 93 சதவீதம்வரை உயர்த்த முதலாளியிடமிருந்து ஒரு பகுதி. இந்த இரண்டாவது பகுதியையும் ஃபீனிக்ஸ்தான் கையாண்டது. வேலைக்கு வருவதும் போவதும் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அது தடுமாறியது. விடுப்பில் போனபிறகும் சிலருக்கு முழுச் சம்பளம் ஓடியது. சிலருக்கு உயர்த்தித் தரவேண்டிய தொகை வராமலே நின்றது. ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் பாக்கி என்ற விநோதமும் நடந்தது.

அதைவிட ஆத்திரத்தைக் கிளப்பியது திருப்பிக் கேட்ட விதம். கூடுதலாகப் போனது நடப்பு வருடத்தில் என்றால், கையில் கிடைத்த தொகையைத் திருப்பினால் போதும். முந்தைய வருடத்தில் என்றால், வரியும் ஓய்வூதியப் பிடித்தமும் சேர்ந்த மொத்தத் தொகையைத் திருப்ப வேண்டும்; வரிக்குப் போனதை வரித்துறையிடம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது விதி. தவறு அரசினுடையது, வரி போனதும் அரசுக்கே, ஆனால் இடையில் கடன் வாங்கிக் கட்டவேண்டியது ஊழியர். எதிர்ப்பு வலுத்தபின் 2019-இல் வருமான வரிச் சட்டத்தையே திருத்தினார்கள். முதலாளியின் நிர்வாகத் தவறால் போன கூடுதலுக்கு, கையில் கிடைத்ததை மட்டும் திருப்பினால் போதும் என்று ஆனது.

கனடாவிடம் நாம் கற்க வேண்டியது மென்பொருளைப் பற்றி அல்ல. அங்கே 2018 வாக்கில் ஒரு வசூல் ஒழுங்கு வகுக்கப்பட்டது. ஊழியரின் நிலுவைப் பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை சம்பளம் சரியாக வந்திருக்க வேண்டும். எப்படித் திருப்புவது என்று ஊழியரோடு பேசி ஓர் உடன்பாடு எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகே முதல் காசு பிடிக்கலாம். முதலில் உன் கணக்கைச் சரிசெய், பிறகு கேள் என்பதுதான் இதன் சாரம். ஆறு ஆண்டுக் காலவரம்பு நெருங்கியதும் அதே அரசு, பழைய கடனை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கியதையும் மறைக்க வேண்டாம். அரசுகள் எங்கும் அரசுகள்தான்.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் வேறொரு கோணத்தில் வந்தன. ஏவன் மாவட்ட மன்றம், விபத்தில் அடிபட்டு நீண்ட நாள் விடுப்பில் இருந்த ஓர் ஆசிரியருக்கு 1,007 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டது. அவர் அதை உரியதென்றே நம்பிச் செலவழித்தார். 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உனக்கு இது உரியது என்று காட்டிக்கொண்டு கொடுத்துவிட்டு இப்போது கேட்க முடியாது என்று மன்றத்தைத் திருப்பி அனுப்பியது. அவர் நிரூபித்த செலவு அந்தத் தொகையில் பாதியைச் சற்றே தாண்டியதுதான். மீதியையும்கூடத் திருப்பச் சொல்லவில்லை. அவ்வளவு தாராளம் நமக்கு வேண்டாம். ஆனால் நம்பிச் செலவழித்தது ஒரு தற்காப்பு என்ற எண்ணம் நம் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்தால் போதும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் பேஸ்லிப்பை வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கு நேரம் இருக்கிறது? பல நிறுவனங்களில் வேலை மடிக்கணினியையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பேஸ்லிப் இருப்பதே அதற்குள்தான்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பல நாடுகளில் பேறுகாலப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்து வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது உடன்படிக்கையும் நேரடிச் செலவைத் தனி முதலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதைப் பொது நெறியாக வைக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. இஎஸ்ஐக்கு வெளியே உள்ள பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே தர வேண்டும். பதினைந்து பேர் வேலை செய்யும் ஓர் அச்சகத்துக்கு அது சின்னச் சுமை அல்ல. அதற்கு மேல் தவறுதலாக இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டதென்றால் அதன் முதலாளிக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சலைத் தீர்க்க வேண்டியது அரசு, சமூகக் காப்பீட்டை விரிப்பதன் மூலம்.

அதுவரை என்ன செய்யலாம்? கடிதம் கையில் வந்த பெண் முதலில் செய்யவேண்டியது, ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் மாதவாரியான கணக்கைக் கேட்டு எழுதுவது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தத் தலைப்பில், மொத்தம் எவ்வளவு, பிஎஃப்பும் வரியும் போகக் கையில் வந்தது எவ்வளவு. இதற்குப் பதில் வரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படி அதே கடிதத்தில் கேட்கலாம். புதிதாக எந்த உறுதிமொழியிலும் அவசரமாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஜக்தேவ் சிங் தீர்ப்பை நினைவில் வைத்தால் காரணம் புரியும். கூடுதல் உண்மைதான் என்று தெரிந்தால், எத்தனை மாதத் தவணை என்று எண்ணைத் தானே முன்வைப்பது நல்லது. விடுப்பில் இருக்கும்போதே பாஸ்புக்கில் கூடுதல் தொகையைப் பார்த்துவிட்டவர் பேசாமல் இருக்கக் கூடாது. ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டால், பிற்பாடு நல்லெண்ணத்தைப் பற்றிய கேள்வியே எழாது.

வேலையை விட்டுப் போக நினைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் ராஜினாமா கொடுக்கும் பெண்ணின் கடைசிக் கணக்கில் இந்தத் தொகையை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, அனுபவச் சான்றையும் நிறுத்திவைப்பது சில இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. சான்றுக்காகப் பேசாமல் போய்விடுகிறார்கள். தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகம் மாவட்டம்தோறும் இருக்கிறது; கணக்குக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தாலே பல நிறுவனங்கள் தவணைக்கு இறங்கி வரும்.

புதிய தொகுப்புகளுக்கான மத்திய, மாநில விதிகளில் இதற்கு இடம் கண்டுபிடிப்பது கடினமல்ல. பேறுகாலப் பணத்திலிருந்து எந்தப் பழைய கணக்குக்காகவும் பிடித்தம் கூடாது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்று மாதம்வரை வசூல் தொடங்கக் கூடாது. அதன்பிறகும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கணக்கு எழுத்தில் தரப்படாத வரை கடனே இல்லை. திருப்ப வேண்டியது கையில் கிடைத்த தொகை மட்டுமே. பிஎஃப்புக்கும் வரிக்கும் போனதை மீட்பது நிறுவனத்தின் வேலை. 40,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் 4,000 என்று கட்டினால் மேலே சொன்ன இரண்டு மாதத் தவறு ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும். அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே சில கணக்குப் பிரிவுகள் அதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்கின்றன.